பக்கம் நகர்கிறது, ஆனால் ஸ்க்ரோல் எண் பூஜ்யம்

எங்கள் அண்ணி ஈரோட்டில் ஆரி வேலை செய்த ப்ளவுஸ் தைத்துக் கொடுக்கிறார். டிசைன் படங்களை ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பி அனுப்பிச் சலித்துப்போய், ஒருநாள் என்னிடம் “நீதான் வெப் டிசைன் படிக்கிறியே கண்ணு, எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டு ஒரு லிங்க் குடு” என்றார். நான் அப்போது படித்திருந்தது ஆறு வாரம். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் ஓரளவு வரும், ஜாவாஸ்கிரிப்டில் இஃப் எழுதுவேன், ஃபார் லூப் எழுதுவேன், அவ்வளவுதான். மேலே ஒட்டிக்கொண்டே இருக்கும் மெனு, அதன் கீழே தானாக ஓடும் படவரிசை, இறங்க இறங்க மெல்லத் தோன்றும் 24 படங்கள், கடைசியில் மேலே திரும்பிப்போக ஒரு பட்டன். இரண்டு நாள் வேலை என்று அண்ணியிடம் சொன்னேன். ஐந்து வாரம் ஆனது.

சென்னையில் வேலை பார்க்கும் என் கல்லூரித் தோழிதான் காப்பாற்றினாள். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் போன் போடுவேன். எங்கள் வீட்டு நெட்டில் திரையைப் பகிர்ந்தால் குரல் போய்விடும், அதனால் எழுதிய கோடை, அதாவது நிரல் வரிகளை, வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன், ‘டாக்குமென்ட் புள்ளி கெட் எலிமென்ட் பை ஐடி’ என்று. இங்கேயும் அப்படியே எழுதுகிறேன், பழகிவிட்டது. அவள் பெரும்பாலும் விடை சொல்ல மாட்டாள். ஒரே கேள்விதான் கேட்பாள்: “அந்த வரி ஓடுற நேரத்துல அங்க என்ன இருக்கு? பார்த்தியா, இல்ல நினைக்கிறியா?” எரிச்சலாக வரும். ஆனால் என் தவறுகளில் முக்கால்வாசி, நான் நினைத்துக்கொண்டு பார்க்காமல் விட்டவைதான்.

முதல் நாளே ‘கேனாட் ரீட் ப்ராப்பர்ட்டீஸ் ஆஃப் நல்’ என்று சிவப்பாக வந்தது. பட்டனுக்கு ஐடி இருக்கிறது, எழுத்துப் பிழை இல்லை, பத்து தடவை சரிபார்த்தேன். ஸ்கிரிப்ட் கோப்பின் தொடக்கத்தில் வரும் ஹெட் பகுதியில் இருந்தது. பிரவுசர் மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வருகிறது, ஸ்கிரிப்டைப் பார்த்ததும் நின்று அதை ஓட்டுகிறது, அந்த நேரத்தில் பட்டன் இன்னும் பிறக்கவே இல்லை. இல்லாத ஒன்றைத் தேடினால் நல்தான் கிடைக்கும். டிஃபர் என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் பக்கம் முழுக்கப் படித்து முடித்த பிறகே ஸ்கிரிப்ட் ஓடும் என்று படித்துச் சேர்த்தேன், அப்போதும் அதே பிழை. டிஃபர் தனிக் கோப்பாக இருக்கும் ஸ்கிரிப்டுக்குத்தான் பொருந்தும், எச்டிஎம்எல்லுக்குள்ளேயே எழுதிய ஸ்கிரிப்டில் பிரவுசர் அதைக் கண்டுகொள்ளாது. இது தெரியாமல் ஒரு ராத்திரி போனது. தனிக் கோப்பாக்கியதும் சரியானது.

அடுத்தது சின்ன விஷயம். கிளிக் மாதிரி ஏதாவது நடந்தால் எந்த ஃபங்ஷன் ஓட வேண்டும் என்று சொல்லும் ‘ஆட் ஈவென்ட் லிசனர்’ எழுதும்போது ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டுவிட்டேன். அடைப்புக்குறி போட்டால் “கிளிக் ஆகும்போது இதைச் செய்” என்று ஆகாது, “இப்போதே செய்” என்றாகிவிடும். பக்கம் திறந்த உடனே படம் நகர்ந்தது, அதன் பிறகு எத்தனை முறை அழுத்தினாலும் அசையவில்லை.

படவரிசைதான் என்னை முதலில் அழவைத்தது. ஒரு பட்டை, அதற்குள் ஆறு படங்கள், பட்டையின் லெஃப்ட் மதிப்பை மாற்றினால் நகரும் என்பது திட்டம். இருக்கும் லெஃப்டை எடு, பத்தைக் கூட்டு, திரும்ப வை. எதுவும் நகரவில்லை, பிழைச்செய்தியும் இல்லை. பிழை காட்டாத பிழைதான் மோசம். தோழி கேட்டாள், “ஸ்டைல் புள்ளி லெஃப்ட்ல என்ன இருக்கு, கன்சோல்ல போட்டுப் பாரு.” பிரவுசருக்குள்ளேயே கோடை ஓட்டிப் பார்க்கும் இடம்தான் கன்சோல், அதில் போட்டால் வெறும் காலி மேற்கோள்குறி. சிஎஸ்எஸ் கோப்பில் நான் லெஃப்ட் பூஜ்யம் என்று எழுதியிருக்கிறேனே! எலிமென்டின் ஸ்டைல் என்பது அந்த எலிமென்டின் மேலேயே நேரடியாக எழுதிய ஸ்டைலை மட்டும்தான் காட்டும், சிஎஸ்எஸ் கோப்பில் இருப்பது அதற்குத் தெரியாது, அதைத் தெரிந்துகொள்ள கெட் கம்ப்யூட்டட் ஸ்டைல் வேண்டும். சரி, காலியோடு பத்தைக் கூட்டினால் ‘10’ என்ற எழுத்து வருகிறது, பிக்சல் என்ற அலகு இல்லாததால் பிரவுசர் சத்தமில்லாமல் தூக்கிப்போட்டுவிடுகிறது. பார்ஸ் இன்ட் போட்டேன், காலியை எண்ணாக்கினால் ‘நேன்’, அதாவது எண்ணே இல்லை. அதற்குப் பின்னால் பிஎக்ஸ் ஒட்டினால் ‘நேன்பிஎக்ஸ்’. அதுவும் சத்தமில்லாமல் குப்பைக்குப் போனது.

கடைசியில் செய்தது எளிது. இடத்தைப் பக்கத்திடம் கேட்பதையே நிறுத்தினேன். என் கையில் ஒரு வேரியபிள், அதில் எண் மட்டும், கூட்டுவது கழிப்பது எல்லாம் அதில், முடிவை மட்டும் பக்கத்தில் எழுதுவது. லெஃப்டுக்குப் பதிலாக டிரான்ஸ்ஃபார்மில் எழுதச் சொன்னாள் தோழி. லெஃப்ட் மாறினால் பிரவுசர் பக்கத்தின் அமைப்பை மறுபடி கணக்குப் போடும், டிரான்ஸ்ஃபார்மும், எவ்வளவு மங்கலாகத் தெரிய வேண்டும் என்று சொல்லும் ஒப்பாசிட்டியும் அந்தக் கணக்கைத் தொடாமலே மாறும். என் லேப்டாப்பில் வித்தியாசமே தெரியவில்லை. அண்ணியின் பழைய போனில் நன்றாகவே தெரிந்தது.

ஓட ஆரம்பித்த மறுநாள் அண்ணியிடமிருந்து போன். “ஓட்டு பட்டன ரெண்டு மூணு தடவ அமுக்குனா படமெல்லாம் பேய் புடிச்சாப்ல ஓடுது கண்ணு, நிறுத்துனாலும் நிக்க மாட்டேங்குது.” நான் ஒரு தடவைக்கு மேல் அழுத்திப் பார்த்ததே இல்லை. எழுதியவருக்குத் தன் பட்டனை எப்படி அழுத்த வேண்டும் என்று தெரியும், அதனால் அவர் சோதிப்பது சோதனையே இல்லை. ஒவ்வொரு கிளிக்கும் ஒரு புதிய செட் இன்டர்வல் ஆரம்பிக்கிறது, மூன்று அழுத்தலுக்கு மூன்று டைமர், மூன்றும் சேர்ந்து அதே பட்டையைத் தள்ளுகின்றன. ஒவ்வொரு டைமருக்கும் ஒரு எண் உண்டு, நான் ஒரே வேரியபிளில் அதை வைத்ததால் கடைசி எண் மட்டும் மிஞ்சியது, நிறுத்து பட்டன் அந்த ஒன்றை மட்டும் நிறுத்தியது. மற்ற இரண்டும் எண் தொலைந்துபோனவை, பக்கத்தை மூடினால்தான் சாகும். ஆரம்பிக்கும் ஃபங்ஷனின் முதல் வரியிலேயே கிளியர் இன்டர்வல் போட்டேன். ஓடாத டைமரை நிறுத்தச் சொன்னாலும் பிரவுசர் கோபித்துக்கொள்ளாது, அதனால் தயங்காமல் போடலாம்.

பிறகு செட் இன்டர்வலை விட்டு ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃப்ரேமுக்கு மாறினேன், திரை புதுப்பிக்கும் வேகத்துக்கு ஒத்துப்போகும், அசைவு வழுக்கிக்கொண்டு வரும். இதிலும் ஒரு பள்ளம். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 2 பிக்சல் என்று எழுதியிருந்தேன். என் திரை 60 ஹெர்ட்ஸ், நொடிக்கு 120 பிக்சல். தோழியின் லேப்டாப் 144 ஹெர்ட்ஸ், அங்கே அதே கோடு நொடிக்கு 288 பிக்சல் ஓடியது. “என்ன இது, பஸ்ஸுல போற மாதிரி இருக்கு” என்றாள். நம் ஃபங்ஷனுக்குள் பிரவுசரே ஒரு நேர எண்ணை மில்லிநொடியில் தருகிறது. போன ஃப்ரேமுக்கும் இதற்கும் எவ்வளவு நேரம் போனது என்று கழித்து, அதை வேகத்தோடு பெருக்கினால் எல்லாத் திரையிலும் ஒரே வேகம். வேறு டேபுக்குப் போய்விட்டு வந்தால் அந்த வித்தியாசம் பெரிதாகிப் படம் ஒரே தாவலாகத் தாவும், அதனால் 50 மில்லிநொடிக்கு மேல் போனால் 50 என்றே வைத்துக்கொள்கிறேன்.

இனி தலைப்பில் சொன்ன கதை. மேலே செல்லும் பட்டன் 400 பிக்சல் இறங்கிய பிறகுதான் தெரிய வேண்டும். விண்டோவில் ஸ்க்ரோல் ஈவென்டுக்கு ஒரு லிசனர், உள்ளே எவ்வளவு இறங்கியிருக்கிறோம் என்று சொல்லும் விண்டோ புள்ளி ஸ்க்ரோல் ஒய் 400-ஐத் தாண்டினால் பட்டனைக் காட்டும் சிஎஸ்எஸ் கிளாஸைச் சேர். எல்லாப் பாடத்திலும் இருக்கும் முதல் பயிற்சி இது. எனக்கு வேலை செய்யவில்லை. லிசனருக்குள் கன்சோல் லாக் போட்டேன், ஒரு வரிகூட வரவில்லை. கன்சோலிலேயே ஸ்க்ரோல் ஒய் என்று அடித்துப் பார்த்தால் பூஜ்யம். பக்கத்தின் அடிவரைக்கும் இறங்கி நிற்கிறேன், அப்போதும் பூஜ்யம். கண்ணுக்கு முன்னால் பக்கம் நகர்கிறது, பிரவுசர் நகரவில்லை என்று சாதிக்கிறது. இரண்டு நாள் போனது. கோடை அழித்து அழித்து எழுதினேன், எங்கிருந்தோ எடுத்த கோடையும் ஒட்டிப் பார்த்தேன், கேச்சைத் துடைத்தேன், வேறு பிரவுசர் போட்டேன்.

மூன்றாம் நாள் தோழி கேட்டாள், “ஸ்க்ரோல் ஆகுறது யாரு?” பக்கம்தான் என்றேன். “பார்த்தியா, நினைக்கிறியா?” ஆரம்பித்துவிட்டாள். அவள் சொல்லி கன்சோலில் ஒரு வரி அடித்தேன்: டாக்குமென்டுக்கு ஸ்க்ரோல் லிசனர், உள்ளே ஈவென்ட் புள்ளி டார்கெட்டை அச்சடி, கடைசியில் மூன்றாவது மதிப்பாக ட்ரூ. இறக்கிப் பார்த்தால் வந்து விழுந்தது ஒரு டிவ், அதாவது மற்றவற்றை உள்ளே வைக்கும் ஒரு எச்டிஎம்எல் பெட்டி.

நடந்தது இதுதான். தொடக்கத்தில் ஒரு இலவச டெம்ப்ளேட்டை எடுத்து வேலையை ஆரம்பித்திருந்தேன். அதில் எல்லாவற்றையும் சுற்றி ஒரு டிவ், அதற்கு உயரம் 100விஎச், ஓவர்ஃப்ளோ ஒய் ஆட்டோ. அதாவது பக்கம் திரை அளவுக்கே நின்றுவிடுகிறது, நகர்வதெல்லாம் உள்ளே இருக்கும் பெட்டி. ஒரு எலிமென்டுக்குள் நடக்கும் ஸ்க்ரோல் ஈவென்ட், கிளிக் மாதிரி மேலே மேலே ஏறி விண்டோவரை வராது. அதனால்தான் என் லிசனர் சும்மா உட்கார்ந்திருந்தது. அந்த ட்ரூ போட்டால் ஈவென்ட் மேலிருந்து கீழே இறங்கும் வழியிலேயே பிடித்துவிடலாம், அதனால் யார் நகர்ந்தாலும் அகப்படும். அந்த ஒரு வரியை நோட்டில் எழுதி மானிட்டருக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன். ஸ்க்ரோல் வேலை செய்யவில்லை என்று யார் சொன்னாலும் முதலில் இதைத்தான் கேட்கச் சொல்கிறேன், யார் நகர்கிறார்?

அந்த டிவின் ஸ்க்ரோல் டாப்பைக் கேட்டும் சமாளித்திருக்கலாம். நான் அந்த உயரத்தையும் ஓவர்ஃப்ளோவையும் எடுத்தே விட்டேன், பக்கமே நகரட்டும் என்று. போனில் இறங்கும்போது முகவரிப் பட்டை மறைந்து இடம் கிடைப்பது பக்கமே நகர்ந்தால்தான், பெட்டி நகர்ந்தால் கிடையாது. அண்ணி முதல்நாளே “மேல அந்தப் பட்டை போகவே மாட்டேங்குது” என்று சொன்னது அப்போதுதான் புரிந்தது.

மேலே ஒட்டும் மெனுவும் இதே வகைதான். ஸ்டிக்கி போட்டும் ஒட்டவில்லை. பக்கவாட்டில் ஆடக்கூடாது என்று சுற்றுப் பெட்டிக்கு ஓவர்ஃப்ளோ எக்ஸ் ஹிடன் கொடுத்திருந்தேன், அது அந்தப் பெட்டியையே ஸ்க்ரோல் பெட்டியாக்கிவிடுகிறது, மெனு அதோடு ஒட்டிக்கொள்கிறது, விண்டோவோடு அல்ல. ஹிடனை கிளிப் என்று மாற்றியதும் ஒட்டியது.

மெனுவில் ‘கல்யாண டிசைன்’ என்று அழுத்தினால் அந்தத் தலைப்பு மெனுவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. ஆஃப்செட் டாப்பை எடுத்து அதிலிருந்து 72 பிக்சலைக் கழித்து ஸ்க்ரோல் டு எழுதினேன், ஏதோ ஓர் இடத்தில் போய் நின்றது. ஆஃப்செட் டாப் பக்கத்தின் உச்சியிலிருந்து அளப்பதில்லை, பொசிஷன் கொடுக்கப்பட்ட மிக நெருங்கிய தாய்ப் பெட்டியிலிருந்து அளக்கும். கணக்கைச் சரிசெய்ய ஒரு மாலை மெனக்கெட்ட பிறகு, சிஎஸ்எஸ்ஸில் ஸ்க்ரோல் மார்ஜின் டாப் 72 பிக்சல், ஸ்க்ரோல் பிஹேவியர் ஸ்மூத் என்று இரண்டு வரி போதும் என்று தெரிந்தது. ஜாவாஸ்கிரிப்டே வேண்டாம். அதற்குப் பிறகும் சில சமயம் தலைப்பைத் தாண்டியோ முன்னாலோ நின்றது, போகும் வழியில் படங்கள் ஒவ்வொன்றாக இறங்கி இடத்தைத் தள்ளிவிட்டதால். எல்லாப் படத்துக்கும் அகலம் உயரம் எழுதியதும் பிரவுசர் முன்கூட்டியே இடம் ஒதுக்கியது, இந்தத் தொல்லை நின்றுவிட்டது.

இப்போது அந்த 24 படங்கள். மறைந்திருக்கும் கிளாஸை எடுத்துவிட்டால் படம் தெரியும். முதலில் சோதனைக்கு எல்லாவற்றையும் ஒரேயடியாகக் காட்டிப் பார்ப்போம் என்று கெட் எலிமென்ட்ஸ் பை கிளாஸ் நேம் போட்டு ஒரு லூப். சரியாக ஒன்று விட்டு ஒன்று தெரிந்தது! 1, 3, 5 என்று 12 படங்கள், மீதி 12 இருட்டில். அழகாக இருக்கிறது என்று அண்ணி சொன்னார், வேண்டுமென்றே செய்ததாக நினைத்து. அந்தப் பட்டியல் உயிருள்ள பட்டியல் என்பதுதான் காரணம். முதல் படத்தின் கிளாஸை எடுத்ததும் அது பட்டியலிலிருந்தே விழுந்துவிடுகிறது, இரண்டாவது படம் முதல் இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது, நான் அடுத்த இடத்துக்குத் தாவும்போது அது தப்பித்துவிடுகிறது. வரிசையில் ஒருவரை வெளியே அனுப்பிவிட்டு அடுத்த நாற்காலிக்கு நடப்பதற்குள் எல்லோரும் ஒரு நாற்காலி நகர்ந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும், அது மாதிரி. க்வெரி செலக்டர் ஆல் போட்டால் எடுத்த நிமிடத்தின் பட்டியல் அப்படியே நிற்கும், மாறாது. அதற்குக் கிளாஸ் பெயருக்கு முன் புள்ளி வேண்டும், பழையதற்குப் புள்ளி கூடாது. இதையும் மாற்றிப் போட்டு அரைமணி நேரம் விழித்திருக்கிறேன்.

அப்புறம் ஒவ்வொரு ஸ்க்ரோலுக்கும் 24 படங்களின் இடத்தையும் அளந்து, திரைக்குள் வந்திருந்தால் கிளாஸை மாற்றினேன். அண்ணியின் போனில் விரல் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம். அளப்பது, மாற்றுவது, திரும்ப அளப்பது என்று மாறி மாறிச் செய்தால் ஒவ்வோர் அளவுக்கும் பிரவுசர் அமைப்பை மறுபடி கணக்குப் போட வேண்டியிருக்கிறது. நல்ல கணினியில் இது தெரியவே தெரியாது, அதனால் குரோமின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியுவை 6 மடங்கு மெதுவாக்கி வைத்துச் சோதிக்கப் பழகினேன். இதற்கென்றே 2016-இலேயே குரோமில் இன்டர்செக்‌ஷன் அப்சர்வர் வந்துவிட்டது, படம் திரைக்குள் வந்தால் பிரவுசரே கூப்பிட்டுச் சொல்லும்.

அதுவும் முதல் நாள் எல்லாப் படத்தையும் ஒரேயடியாகக் காட்டியது. கவனிக்க ஆரம்பித்தவுடன் ஒருமுறை “இப்போதைய நிலை இது” என்று எல்லாவற்றுக்கும் கூப்பிடும், உள்ளே இருக்கிறதா இல்லையா என்று இஸ் இன்டர்செக்டிங்கைப் பார்ப்பது நம் பொறுப்பு. பார்த்தேன். அடுத்து, மேலே ஏறி மறையும் இடத்தில் படம் மின்மினி மாதிரி அடித்துக்கொண்டது. மறையும்போது படத்தை 60 பிக்சல் கீழே தள்ளி வைத்திருந்தேன். வெளியே போனது, மறைத்தேன், 60 பிக்சல் கீழே இறங்கியது, அதனால் திரும்ப உள்ளே வந்தது, காட்டினேன், மேலே போனது, அதனால் வெளியே போனது... படத்தைச் சுற்றி ஒரு பெட்டி வைத்து, கவனிப்பது பெட்டியை, அசைப்பது படத்தை என்று பிரித்ததும் நின்றது.

இங்கே ஒரு எச்சரிக்கை. படங்களை மறைக்கும் கிளாஸை எச்டிஎம்எல்லிலேயே எழுதி வைத்திருந்தேன். ஒருநாள் ஜாவாஸ்கிரிப்டில் ஓர் அடைப்புக்குறியை விட்டுவிட்டு ஏற்றிவிட்டேன், கோப்பு முழுக்க ஓடவில்லை, காலையிலிருந்து மதியம் வரை வாடிக்கையாளர்கள் பார்த்தது வெற்றுப் பக்கம். இப்போது மறைக்கும் வேலையையும் ஸ்கிரிப்டே செய்கிறது. அது செத்தால் படங்கள் சாதாரணமாகத் தெரியும், அனிமேஷன் மட்டும் இருக்காது.

படத்தைத் தொட்டால் பெரிதாக, மெல்லத் திறக்க வேண்டும். டிஸ்ப்ளே நன்னிலிருந்து பிளாக்காக்கி, அடுத்த வரியிலேயே ஒப்பாசிட்டி கிளாஸ் சேர்த்தேன், பட்டென்று திறந்தது. என் இரண்டு வரிக்கும் நடுவில் பிரவுசர் எதையும் வரையவில்லை, கடைசி நிலையை மட்டும்தான் பார்த்தது, எதிலிருந்து எதற்கு மாறுவது என்று அதற்குத் தெரியாது. டிஸ்ப்ளேயை விட்டுவிட்டு விசிபிலிட்டியையும் ஒப்பாசிட்டியையும் மட்டும் மாற்றினேன்.

‘இன்னும் படங்கள்’ பட்டன் போட்டதும் புதுத் தலைவலி, அதை அழுத்திய பிறகு பழைய படங்களைத் தொட்டால் திறக்கவில்லை. இன்னர் எச்டிஎம்எல்லோடு கூட்டல் சமம் போட்டிருந்தேன். அது கடைசியில் கொஞ்சம் சேர்ப்பதில்லை. மொத்தத்தையும் எழுத்தாக்கி, அழித்து, புதிதாகக் கட்டுகிறது, பழைய படங்களோடு அவற்றின் லிசனர்களும் போய்விடுகின்றன. இன்சர்ட் அட்ஜேசன்ட் எச்டிஎம்எல் இருப்பதைத் தொடாமல் சேர்க்கும். அதோடு ஒவ்வொரு படத்துக்கும் லிசனர் வைப்பதையும் விட்டேன், சுற்றியுள்ள பெட்டிக்கு ஒன்று, எந்தப் படம் தொடப்பட்டது என்று க்ளோசஸ்ட் சொல்லும், நாளைக்கு வரும் படத்துக்கும் அதே போதும்.

வாடிக்கையாளர் அம்மா ஒருவர், படங்கள் அசைவதைப் பார்த்தால் தலை சுற்றுகிறது என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். ஆன்ட்ராய்டில் அணுகல்தன்மைப் பகுதியில் அனிமேஷனை நீக்கும் அமைப்பு உண்டு, அதைப் போட்டவர்களை சிஎஸ்எஸ்ஸில் ப்ரிஃபர்ஸ் ரெட்யூஸ்ட் மோஷன் வழியாகத் தெரிந்துகொள்ளலாம். அவர்களுக்கு எல்லாவற்றையும் நிறுத்தினேன். அந்த அம்மாவின் போனில் அமைப்பை மாற்றிக் கொடுத்தது அண்ணிதான்.

ஐந்தாவது வாரம் அண்ணி, “அந்த ஓடற படத்த எடுத்துரு கண்ணு, ஒருத்தரும் அதத் தொடறதில்ல, விரல்ல தள்ளிப் பாக்கறாப்ல இருந்தாப் போதும்” என்றார். எத்தனை ராத்திரி அது! எடுத்துவிட்டு, பக்கவாட்டில் ஸ்க்ரோல் ஆகும் சாதாரணப் பட்டையும், தள்ளினால் ஒவ்வொரு படத்திலும் சரியாக நிற்க ஸ்க்ரோல் ஸ்னாப்பும் வைத்தேன், சிஎஸ்எஸ்ஸில் நாலு வரி. தோழியிடம் சொன்னபோது சிரித்தாள்.

ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. ‘இன்னும் படங்கள்’ இரண்டு தடவை அழுத்தி இறங்கிய பிறகு விலைப்பட்டியல் பக்கத்துக்குப் போய்விட்டு பேக் அடித்தால், சேர்த்த படங்கள் இல்லாததால் நின்ற இடம் தொலைந்துவிடுகிறது. போனில் சொன்னேன். “திரும்பி வர்ற நேரத்துல அங்க எத்தன படம் இருக்கு?” என்றாள். இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை.